போலிப் பணத்தில் கற்ற பாடம் நிஜப் பணத்தில் நிற்குமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஒன்பதாம் வகுப்பு. வெளிநாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகளிடம் போலிப் பணத்தைக் கொடுத்து ஒரு குடும்பத்தை நடத்திப் பார்க்கச் சொல்கிறார்களாம். அதை நம் வீட்டிலும் செய்யலாமா, பங்குச்சந்தை விளையாட்டுச் செயலி ஒன்றைத் தரவிறக்கிக் கொடுத்தால் போதுமா என்பது அவர் கேள்வி. எந்த விளையாட்டு நல்லது என்பதைவிட ஆழமான ஒன்றை அவர் கேட்டிருப்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். போலிப் பணத்தில் எடுத்த முடிவுக்கு உண்மையான வலி கிடையாதே, அப்படியிருக்க அங்கே கற்றது நாளை நிஜப் பணம் கைக்கு வரும்போது நிற்குமா என்பதுதான் அவருடைய ஐயம். நியாயமான ஐயம். எனக்கும் அது பல ஆண்டுகள் இருந்தது, ஒரு பகுதி இன்னமும் இருக்கிறது.

தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகள் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் கற்பித்தவள் நான். அவற்றுள் கடைசி ஒன்பது ஆண்டுகள், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு குடும்பம் நடத்தும் பயிற்சியைக் கொடுத்துவந்தேன். பயிற்சி பெறாத பிள்ளைகளைக் கட்டுப்பாட்டுக் குழுவாக வைத்து ஒப்பிட்டு அளந்த ஆராய்ச்சி அல்ல அது; ஒரே பள்ளியில் ஒரே ஆசிரியை கண்டது. ஆகவே என் வகுப்பில் கண்டதை என் வகுப்பில் கண்டது என்றும், அளந்து பார்த்தவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னது என்றும் பிரித்தே எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்காவில் ஜூனியர் அச்சீவ்மென்ட் என்ற அமைப்பு, பிள்ளைகளுக்கு வகுப்பில் சில பாடங்களை நடத்திவிட்டு, பிறகு ஒரு நாள் முழுவதும் ஒரு கூடத்துக்குள் அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒரு சம்பளம், ஒரு குடும்பம் என்று சீட்டுக் கொடுத்து, வாடகை முதல் காப்பீடு வரை வரவுசெலவுத் திட்டம் போடச் சொல்கிறது. இப்படிப்பட்ட கல்வி பயன் தருகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒரே கருத்து இல்லை. 2014-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டிப் பார்க்கும் ஆய்வு), மனிதர்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் காணப்படும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக் கல்வியால் விளக்க முடிகிறது என்றும், கற்றது காலப்போக்கில் தேய்ந்துவிடுகிறது என்றும் சொன்னது. 2022-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வு, குலுக்கல் முறையில் குழு பிரித்து நடத்திய 76 சோதனைகளைத் திரட்டிப் பார்த்து, அறிவிலும் நடத்தையிலும் நல்ல விளைவு இருப்பதாகக் கண்டது. பிரேசிலில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த பெரிய சோதனையில் மாணவர்கள் சேமிக்கவும் செலவைத் திட்டமிடவும் கற்றார்கள், பெற்றோருக்கும் அந்த அறிவு கொஞ்சம் பரவியது. ஆனால் அதே மாணவர்கள் பொருள் வாங்க அதிக வட்டிக் கடன்களையும் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கற்பிப்பதால் பயன் உண்டு, ஆனால் கற்பித்தால் மட்டும் பிள்ளை தப்பித்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை, அதோடு, தேவை நெருங்கும் சமயத்தில் கற்றதே அதிகம் ஒட்டுகிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் நானும் இதை ஒரே நாளில் முடித்தேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. மறுவாரம் கேட்டால் யாருக்கு எந்தச் சீட்டு விழுந்தது என்பது நினைவிருந்தது, ஏன் பணம் தீர்ந்தது என்பது நினைவில்லை. ஒரு நாளில் முடியும் விளையாட்டில் தவறான முடிவின் விளைவைச் சுமப்பதற்கு நாளே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அதனால் மூன்றாம் ஆண்டிலிருந்து ஒரு வாரத்தை ஒரு மாதமாக வைத்து, ஐப்பசி தொடங்கி வைகாசி வரை எட்டு வாரமாக நீட்டினேன். வகுப்பு நான்கு நான்கு பேராகப் பிரிந்து குடும்பங்களாகும். வருமானம் எல்லாருக்கும் ஒரேபோல் வராது. ஒரு குடும்பத்துக்கு அரசு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஒரு குடும்பத்தில் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள் ஒவ்வொரு வாரமும் தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு ஏற்ற வருமானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்தில் அப்பாவுக்குக் கட்டட வேலை, அம்மாவுக்குப் பீடி. மழை மாதத்தில் கட்டட வேலை இருக்காது, பீடிக் கூலியிலும் கழிவு போகும். மற்றொரு குடும்பம் பிசானப் பருவத்து நெல் போட்டிருக்கிறது. அவர்களுக்கு முதல் நான்கு வாரம் உழவு, நடவு, உரம் என்று செலவுதான், அறுப்பு முடிந்து மாசியில்தான் மொத்தமாகப் பணம். வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்சிகள் பெரும்பாலும் மாதச் சம்பளத்தை அடிப்படையாக வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்தில் பாதி வகுப்புக்கு அது வேற்று நாட்டுக் கதை. நீங்கள் வீட்டில் நடத்தினாலும் உங்கள் தெருவில் இருக்கும் வருமானங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வாரமும் ஒரு குடுவையிலிருந்து இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். காய்ச்சல், பைக்கில் டயர் வெடிப்பு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மொய், அக்கா மகளுக்குக் காதுகுத்து என்பதால் தாய்மாமன் சீர், அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. கொடை வரியைத் தள்ளிப்போடலாமா என்று ஒரு குழு கேட்டதும் வகுப்பே சிரித்தது. தள்ளிப்போட முடியாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எதிர்பாராத செலவு என்று நாம் சொல்பவற்றில் பாதிக்கு மேல் ஆண்டுதோறும் தவறாமல் வருகிற செலவுகள் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டது அந்தப் பேச்சில்தான். இன்னொன்றும் கண்டேன். எட்டு வாரமாக நடத்திய ஏழு ஆண்டில் ஏறக்குறைய எல்லா முறையும், நெல் போட்ட குடும்பத்தைவிடச் சம்பளக் குடும்பமே விரைவாகத் தவணையில் போன் வாங்கிச் சிக்கியது. அடுத்த மாதம் நிச்சயம் வரும் என்ற நம்பிக்கை கையை நீளச் செய்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் இது என் ஊகம்தான், அளந்த உண்மை அல்ல.

இந்தப் பயிற்சியில் எதைக் குறைத்தாலும் வட்டிப் பாடத்தைக் குறைக்காதீர்கள். நம் ஊரில் வட்டி பேசப்படுவதே மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்றுதான். நூற்றுக்கு இரண்டு என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், ஐந்து என்றால் 60 சதவீதம். வங்கியோ ஆண்டுக் கணக்கில் பேசுகிறது. வங்கியின் ஒன்பது பெரியதா, வெளிவட்டி ஐந்து பெரியதா என்று கேட்டால், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகூட ஒன்பது என்று சொல்லிவிடும். 10,000 ரூபாயை ஆண்டுக்கு 9 சதவீதத்துக்கு நகைக்கடனாக வாங்கினால் எட்டு மாத வட்டி 600 ரூபாய். அதே பணத்தை மாதம் நூற்றுக்கு ஐந்து என்று வெளியே வாங்கினால் 4,000 ரூபாய், அசல் அப்படியே நிற்கும். இந்த வேறுபாட்டைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் தலையசைப்பார்கள், அவ்வளவுதான். எட்டு வாரமும் தன் கையால் எண்ணிக் கொடுத்தால் மறப்பதில்லை.

வாரத் தண்டல் இன்னும் நுட்பமானது. 10,000 ரூபாய் கடன் என்பார்கள், 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள், பிறகு வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். பத்து சதவீதந்தானே என்று தோன்றும். இதற்கு நான் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டேன். ஒரு கொட்டை நூறு ரூபாய். தொண்ணூறு கொட்டைகளை ஒரு சிறுமியின் மடியில் கொட்டி, தண்டல்காரராக இருந்த பையனிடம் வாரத்துக்குப் பத்தாகத் திருப்பச் சொன்னேன். வகுப்பு தரையில் வட்டமாக உட்கார்ந்து எண்ணியது. ஐந்தாவது முறை கொடுத்தபின் அவள் மடியைக் குனிந்து பார்த்தாள். நாற்பது கொட்டை இருந்தது. நிமிர்ந்து, "டீச்சர், எங்கிட்ட பாதிகூட இல்லயே, பொறவு எதுக்கு முழுசுக்கும் வட்டி பிடிச்சாங்க?" என்று கேட்டாள். பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. பத்து வாரத்தில் சராசரியாக அவள் கையில் இருந்தது ஏறக்குறைய 5,000 ரூபாய்தான். அதற்கு அவள் கொடுத்தது 1,000 ரூபாய். பத்து வாரத்துக்கு 20 சதவீதம் என்றால் 52 வாரத்துக்கு ஏறக்குறைய 100 சதவீதம். பத்து என்று கேட்டது நூறாக நின்றதைப் பார்த்து ஒரு பையன், "எங்க வீட்டுக்கு வர்ற அண்ணன்ட்ட இதச் சொல்லவா?" என்றான். சொல்ல வேண்டாம், அம்மாவிடம் சொல் என்றேன்.

நெல்லைச் சீமையில் இந்தப் பாடத்தை வெறும் கணக்காக நடத்த முடியாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் இரண்டு சிறு குழந்தைகளோடு தீயில் மாண்டது. அந்த ஆண்டு என் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசாமல் வட்டிக் கணக்கைத் தொட மறுத்தார்கள். தமிழ்நாட்டில் 2003 முதலே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பதையும், அதில் மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவை பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கின்றன என்பதையும், 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் அப்போதிருந்து தவறாமல் சொல்லிவந்தேன். கடன் வாங்குவது எப்படி என்பதோடு, மிரட்டப்பட்டால் எங்கே போவது என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏலச்சீட்டுப் பயிற்சியில் நான் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர், ஆளுக்கு நூறு ரூபாய் விளையாட்டுப் பணம், பத்துத் தவணை என்று ஏலச்சீட்டு நடத்தினோம். முதல் சீட்டை ஒருவன் 250 தள்ளி 750-க்கு எடுத்தான். நடத்துபவரின் கழிவு 50 போக மீதி 200 பத்துப் பேருக்கும் பிரிந்தது. முதலில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு என்பது தானாகவே விளங்கியது. ஆறாவது தவணையில், சீட்டு நடத்திய மாணவனிடம் நான் முன்பே இரகசியமாகச் சொல்லிவைத்தபடி, அவன் பணப்பெட்டியோடு வகுப்பைவிட்டு வெளியேறினான். பதிவு செய்யாத சீட்டில் இப்படியும் நடக்கும் என்று காட்ட நினைத்தேன். எல்லாரும் கூச்சலிட்டார்கள், ஒரு பெண் மட்டும் அழத் தொடங்கினாள். முந்தைய ஆண்டுதான் அவள் அம்மா பீடிக் கூலியில் கட்டிவந்த தீபாவளிச் சீட்டுப் பணம் மொத்தமும் போயிருந்தது. அவள் வீட்டு நிலையை விசாரிக்காமல் அவள் வலியை நான் வகுப்புக்குக் காட்சியாக்கிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் காட்சியை நடிக்கவிடவில்லை. ஏமாந்த கதை ஒன்றை வாசித்துவிட்டு, சீட்டு நிதிச் சட்டம் 1982-இன்படி பதிவு செய்த சீட்டா என்று எப்படிக் கேட்பது, நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் கழிவுக்கு 7 சதவீதம் என்ற உச்ச வரம்பு இருப்பது போன்றவற்றைப் பேசினோம். விளையாட்டுக்கு வலி இருக்க வேண்டும், ஆனால் அந்த வலி எந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து எடுத்ததாகவும் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும், குடும்பத்தில் உண்மையாக நடந்த நட்டத்தைப் பிள்ளைகள் எதிரே விளையாட்டாக்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

பங்குச்சந்தைச் செயலியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கொடுக்க மாட்டேன். காரணம் பங்கு தீயது என்பதல்ல. நீண்ட கால முதலீட்டைப் பற்றி உங்கள் மகள் கல்லூரியில் கட்டாயம் அறிய வேண்டும். ஆனால் சில வாரப் போட்டியில் வெல்பவர் பெரும்பாலும் அதிகம் துணிந்தவர். திறமை என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதிர்ஷ்டம். போலிப் பணத்தில் நட்டம் வலிக்காது, இலாபம் மட்டும் இனிக்கும். ஆகவே இங்கே விளையாட்டு தலைகீழான பாடத்தைக் கற்பிக்கிறது. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்குகளின் பிற்கால விலையை வைத்து நடக்கும் முன்பேர, விருப்பப் பேர (எஃப் அண்ட் ஓ) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தார்கள். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பதினான்கு வயதில் அந்தப் பக்கம் ருசி காட்டத் தேவையில்லை.

வீட்டில் உங்களுக்கு நாற்பது பிள்ளைகள் இல்லை, ஆனால் வகுப்பில் எனக்கில்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: நிஜமான செலவு. மகனிடம் மின்மீட்டரை ஒப்படையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதட்டும். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் அந்தத் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, 101 முதல் 200 வரை கிடைத்துவந்த மலிவு விகிதமும் கைவிட்டுப் போய்விடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஆறாவது வாரத்தில் அவன் எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு, இப்படியே போனால் கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று அவனே கணிக்கட்டும். மகளிடம் ஒரு மாத மளிகைப் பணத்தைக் கொடுங்கள். மூன்றாம் வாரமே தீர்ந்துபோனால் நீங்கள் உடனே கை கொடுக்காதீர்கள். நான்காம் வாரம் அவள் சமாளிக்கும் விதத்தில்தான் பாடம் இருக்கிறது. குறைந்த எண்ணெயில் சமைக்க வேண்டிவந்தால் வீட்டில் எல்லாரும் முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும், அது உங்கள் பங்கு. பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அஞ்சலகத்திலும் முடியும். எந்தெந்த வசதி தருவது என்பது அந்தந்த வங்கியின் முடிவு. கணக்கு தொடங்கும்போதே, பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதையும், ஏமாந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும் பலமுறை சொல்லுங்கள். சித்தப்பாவை ஒருநாள் வேறு எண்ணிலிருந்து அழைத்துப் பரிசு விழுந்திருக்கிறது என்று பேசச் சொல்லிப் பாருங்கள். நான் வகுப்பில் இதைச் செய்தபோது முதல் முறை பாதிப் பேர் பின் எண்ணைச் சொல்லிவிட்டார்கள், இரண்டாம் முறை யாரும் சொல்லவில்லை.

எந்தப் பயிற்சியானாலும் முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். என்ன முடிவெடுத்தாய், அப்போது என்ன நினைத்தாய், என்ன ஆயிற்று என்ற மூன்று கேள்வி போதும். திட்டாதீர்கள். திட்டு விழும் வீட்டில் பிள்ளை கணக்கைத் திருத்தி எழுதக் கற்றுக்கொள்கிறது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். பணம் போதாத குடும்பத்தில் அறிவு போதவில்லை என்று பொருள் கொள்வது அநியாயம். என் மாணவிகளின் தாய்மார்கள் பலர், எத்தனை பீடி சுற்றினால் எத்தனை கூலி, அதில் குழுக் கடனுக்கு எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு என்று மனத்திலேயே போடும் கணக்கு என் பாடப்புத்தகத்தைவிடக் கூர்மையானது. அவர்கள் தண்டலுக்குப் போனது கணக்குத் தெரியாமல் அல்ல, அன்று மாலைக்குள் வேறு யாரும் தராததால். வகுப்பறைப் பயிற்சி அந்த நிலையை மாற்றாது. ஒரு வழி மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கும் இடத்தில் இரண்டாவது வழியும் இருக்கிறதா என்று தேடும் பழக்கத்தை அது சிலரிடம் உண்டாக்கியது. பலரிடம் உண்டாக்கியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தேவை நெருங்கும்போது கற்றதே ஒட்டுகிறது என்று மேலே எழுதினேன். உங்கள் மகளுக்கு நெருங்கும் தேவை கல்விக் கடன். இன்னும் ஒன்றரை ஆண்டில் அந்தப் படிவத்தில் அவள்தான் கையெழுத்திடுவாள். அவளோடு ஒரு மாலை உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்: நான்காண்டுப் படிப்பு, ஆண்டு தொடக்கத்தில் ஒரு இலட்சம் வீதம் நான்கு இலட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடக்கம். முதல் இலட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. தனிவட்டியாகவே கூட்டினாலும் 1,40,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் நான்கு இலட்சமாக இருக்காது, 5,40,000 ஆக இருக்கும்; பத்தாண்டில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய். படிக்கும் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால், முதலாண்டில் மாதம் 833 ரூபாயில் தொடங்கி நான்காம் ஆண்டில் 3,333 ரூபாய் வரும், பிறகு தவணை 5,300 ரூபாய்க்குள் அடங்கும். இரண்டில் எது உங்கள் வீட்டுக்கு முடியும் என்பதை அவள் உங்கள் உண்மையான வருமானத்தை வைத்தே பார்க்கட்டும். அதற்கு முதலில் அந்த வருமானம் எவ்வளவு என்று நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டியிருக்கும்.